ஹாமித் ஏத்திட்டுப் போனது

வாப்பாவை அடக்கம் செய்த அன்று, ஜனாஸா தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசலில் எழுந்து நின்று நான்தான் சொன்னேன். எங்கள் கீழக்கரையில் அதை மகன்தான் சொல்ல வேண்டும். "எங்க வாப்பா யாருக்காச்சும் எதுவும் கொடுக்க வேண்டியிருந்தா எங்கிட்ட கேளுங்க, அது என் பொறுப்பு. யார் மனசையாச்சும் நோகடிச்சிருந்தா பொருந்திக்கிடுங்க." பொருந்திக்கிடுங்க என்றால், மன்னித்து மனசைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். சபை மொத்தமும் "பொருந்திக்கிட்டோம்" என்றது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நாற்பதாம் நாள் ஓதி முடித்து எல்லோரும் போன பிறகு, உம்மா அலமாரியிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்து லாத்தாவிடம் கொடுத்தார். லாத்தா என் அக்கா, கல்லூரி வரை படித்தவள். நான் எட்டாவதோடு நின்றவன், மீன் கம்பெனியில் ஐஸ் பெட்டி ஏற்றுகிறேன். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. லாத்தா படித்துச் சொன்னாள்.

வாப்பா கல்யாணத்துக்கு முன்னால் குவைத்தில் தையல்காரர். ஈராக் படை குவைத்துக்குள் வந்தபோது, ஹாமித் என்ற ஈராக்கி லாரிக்காரர்தான் வாப்பாவையும் இன்னும் சிலரையும் ஜோர்டான் எல்லை வரைக்கும் கொண்டுபோய் விட்டார். பிறகு ஈராக் தோற்றது. சண்டையை நிறுத்த உலக நாடுகள் போட்ட ஒப்பந்தத்தில், இழந்தவர்களுக்கெல்லாம் ஈராக் தன் எண்ணெயை விற்று ஈடு கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். குவைத்திலிருந்து ஓடி வந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஈடு கேட்டு எழுதிக் கொடுக்கிற பாரம் வந்தது. இங்கிலீஷ் தெரிந்த ஒருவரே ஊருக்கே உட்கார்ந்து எழுதினார். எப்படி வந்தீங்க என்று அவர் கேட்டபோது வாப்பா சொன்னது இதுதான்: "ஹாமித்னு ஒரு ஈராக்கி, லாரில ஏத்திட்டுப் போனார்."

எழுதியவர் அந்த நேரம் தொலைந்த சாமான்களை எழுதுகிற பத்தியில் இருந்திருக்கிறார். ஹாமித் என்ற ஈராக்கி என் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்று எழுதிவிட்டார். தையல் மிஷின் ஒன்று, டிவி ஒன்று, மின்விசிறி ஒன்று, பெட்டி இரண்டு. வாப்பா கீழே தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"வாப்பாவுக்கு இது தெரியுமா?" என்றேன்.

"நான் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் வாசிச்சுக் காட்டினேன்டா. மூடி வைன்னாங்க" என்றாள் லாத்தா.

அதற்குள் அந்தக் காசில் எங்கள் வீடு எழும்பிப் பல வருஷம் ஆகியிருந்தது.

உம்மா அதற்கு மேலும் ஒன்று வைத்திருந்தார். "அந்த ஹாமித் இப்ப துபாய்ப் பக்கம் அல் ஐன்ல ரொட்டிக்கடை வச்சிருக்கார். உங்க வாப்பா அங்க வேலை பார்த்தப்ப கண்டிருக்காங்க."

"பேசினாங்களா?"

"ஒளிஞ்சுக்கிட்டாங்க."

பள்ளியில் பொருந்திக்கிட்டோம் என்று சொன்ன கூட்டத்தில் ஹாமித் இல்லை. அதனால் நான் கிளம்பினேன்.

துபாயில் இறங்கியதும் முதல் வம்பு தொதலால் வந்தது. ஹாமிதுக்குக் கொடுக்க உம்மா எங்கள் ஊர் இனிப்பான தொதலை இரண்டு கிலோ கட்டிக் கொடுத்திருந்தார். எக்ஸ்ரே மிஷினில் அது தார் உருண்டை மாதிரி தெரிந்திருக்கும். அதிகாரி பையைத் திறக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன், "ஹல்வா". அவர் பொட்டலத்தை விரலால் அமுக்கினார், மோந்தார், பக்கத்தில் இருந்தவரையும் மோந்து பார்க்கச் சொன்னார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த வாசனை. இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். "யல்லா, போ" என்று கையை ஆட்டினார்.

மறுநாள் அல் ஐன் பஸ். காலியாக இருக்கிறதே என்று முன் சீட்டில் உட்கார்ந்தேன். அது பெண்களுக்கான இடமாம். எழுந்து அடுத்த சீட்டுக்குப் போனேன். அதுவும் அப்படித்தானாம். "பாய், பீச்சே" என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். கடைசி வரிசையில் ஒரு நேபாளிப் பையனுக்கும் ஒரு அரிசி மூட்டைக்கும் நடுவில் இடம் கிடைத்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் மணல். வாப்பா பதினோரு வருஷம் இந்த ரோட்டில்தான் போய் வந்தார். ஒரு தடவைகூட அதைப் பற்றிச் சொன்னதில்லை. சொல்ல அங்கே எதுவும் இல்லை என்று இப்போது தெரிந்தது. அதற்கும் அழுகை வந்தது. நேபாளிப் பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அல் ஐனில் இறங்கிப் பார்த்தால் மணலே இல்லை. எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு லாரி வர வேண்டும். இங்கே ரவுண்டானா புல்லுக்குக் குழாய் போட்டு ஊற்றுகிறார்கள். டாக்ஸிக்காரர் ஆப்கானிஸ்தான்காரர். எதற்கு வந்தாய் என்று இந்தியில் கேட்டார். சண்டை, சமாதானம், ஈராக் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எங்க ஊர்ல சமாதானம்னு பெரிய ஆளுங்க கையெழுத்துப் போடும்போதெல்லாம் எங்க உம்மா எனக்குப் பெட்டி கட்ட ஆரம்பிச்சுடும்" என்றார். பேச்சு சுவாரசியத்தில் வழியை விட்டுவிட்டார். டயர்க்கடைகளுக்கு நடுவில் முக்கால் மணி நேரம் சுற்றினோம். மீட்டரில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார்.

காசிம் காக்கா எங்கள் ஊர்க்காரர், அண்ணன் முறையை நாங்கள் காக்கா என்போம். அங்கே முப்பது வருஷமாக மளிகைக்கடை வைத்திருக்கிறார். வாப்பா வேலை பார்த்தது அவர் கடையில்தான். என்னைக் கட்டிப்பிடித்தார். பரோட்டாவும் மாட்டுக்கறியும் வாங்கி வைத்திருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அடப்பாவி. அதுக்குத்தானா?" என்றார்.

"எதுக்கு?"

"உங்க வாப்பா தொழப் போற வழி."

கை கழுவிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கடையிலிருந்து பள்ளிவாசல் நேராகத் தெரிகிறது, ஐந்து நிமிஷ நடை. நடுவில் ஒரு ஈராக்கி ரொட்டிக்கடை. வாப்பா அந்தப் பக்கம் போனதே இல்லையாம். பின்பக்கம் இறங்கி, லேத் பட்டறைகளைச் சுற்றி, மெயின் ரோட்டைக் கடந்து, மறுபடி கடந்து, இருபது நிமிஷம் நடந்து அதே பள்ளிக்குப் போவாராம். வெயிலிலும்.

"சுகர் இருக்கு காக்கா, நடக்கணும்னு சொல்வார். நானும் கிண்டல் பண்ணுவேன். ஊர்ல எல்லாரும் தொழுது நன்மை சேர்ப்பாங்க, நீ நடந்தே சேர்த்துருவ போலன்னு" என்றார் காசிம் காக்கா.

சாயங்காலம் நான் தனியாக அந்தச் சுற்று வழியில் நடந்தேன். இருபத்திமூன்று நிமிஷம் ஆனது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை. என்மேல் ஒரு தடவை கூடக் கை வைக்காத வாப்பா, நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது போனில் திட்டாத வாப்பா, இப்படி நடந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நேராகப் போயிருந்தால் நான் வந்திருக்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டு நேர் வழியில் போனோம். காசிம் காக்கா மொழிபெயர்க்க வந்தார். வழியெல்லாம் "பக்குவமா பேசணும், நான் பேசுறேன், நீ தலையாட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஹாமித் அறுபதைத் தாண்டிய ஆள். பெரிய வயிறு, முழங்கை வரை மாவு. அடுப்பில் ஓடம் மாதிரி இரண்டு பக்கமும் கூர்மையான ரொட்டி வெந்துகொண்டிருந்தது. சமூன் என்கிறார்கள். தொதலை வாங்கிப் பிய்த்து வாயில் போட்டார். பல்லில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் துழாவியபடியே என்ன விஷயம் என்று கேட்டார்.

காசிம் காக்கா அரபியில் ஆரம்பித்தார். குவைத் என்று காதில் விழுந்தது, வாப்பா பேர் விழுந்தது. ஹாமித் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு மணிக்கட்டைத் தட்டிக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"ஞாபகம் இருக்காம். பதினாறு பேராம் லாரில. சும்மா கூட்டிட்டுப் போகலையாம், ஆளாளுக்கு ஒண்ணு வாங்கினாராம். உங்க வாப்பா கைக்கடிகாரம் கொடுத்தாராம். ரெண்டே நாள்ல நின்னுபோச்சாம்" என்றார் காசிம் காக்கா.

நான் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அதில் இருப்பதைக் காசிம் காக்கா சொல்லச் சொல்ல ஹாமிதின் கண் பெரிதானது. "தையல் மிஷினா?" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பழகிய இந்தியில் என்னிடமே கேட்டார். "பதினாறு பேரும் நின்னுக்கிட்டே வந்தானுங்க. தையல் மிஷின எங்க வச்சேன், என் தலையிலயா?"

கடையில் இருந்த பையன்களைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் காட்டினார். உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கிற பெட்டியில் தன் பேர் திருடன் என்று இருப்பதை அவர் கொஞ்சம் பெருமையாகச் சொல்கிற மாதிரிகூட இருந்தது. நானும் சிரித்துவிட்டேன். வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் அவர் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசினார். குரல் ஏறவில்லை, ஆனால் கை நிற்கவில்லை. முடித்ததும் நான் காசிம் காக்காவைப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல. பழசெல்லாம் எதுக்குங்கிறார்."

"இவ்வளவு நேரம் பேசினாரே காக்கா."

"அதான்டா சொன்னேன்."

"அவர் சொன்னத அப்படியே சொல்லுங்க. நான் அதக் கேக்கத்தான் வந்தேன்."

காசிம் காக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சண்டை முடிந்த பிறகு ஹாமிதின் லாரிக்கு டயர் கிடைக்கவில்லை. அவர்கள் நாட்டுக்கு யாரும் எதுவும் விற்கக் கூடாது என்று தடை. லாரி வாசலிலேயே நின்று துருப்பிடித்தது. அவர் தம்பி வாத்தியார், அவனுக்கு ஒரு மாசச் சம்பளத்தில் ஒரு அட்டை முட்டை வாங்கலாம். முதலில் சாமான்களை விற்றார்கள். பிறகு ஜன்னலை. பிறகு உள்கதவுகளை. கடைசியில் வாசல் கதவையும் கழற்றி விற்று, குளிருக்குக் கம்பளியைத் தொங்கவிட்டார்கள். அந்தக் கம்பளிக்குப் பின்னால்தான் அவர் உம்மா உயிர் போய் மௌத்தானது. பிறகு எண்ணெய் விற்க விட்டார்கள், ஆனால் ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு பங்கு ஈட்டுக்கென்று வெளியே போனது. அது கட்டி முடிந்தே கொஞ்ச வருஷம்தான் ஆகிறது. குவைத்துக்குள் போகச் சொன்னவன் ஒருத்தன், கட்டியது நாங்கள் எல்லோரும் என்றாராம்.

எங்கள் வீட்டு வாசலில் தேக்குக் கதவு இருக்கிறது. அந்தக் காசு வந்ததும் வாப்பா முதலில் வாங்கியது அதுதான். உம்மா இன்றைக்கும் வெள்ளிக்கிழமை எண்ணெய் போட்டுத் துடைக்கிறார்.

"காக்கா, எங்க வீட்டுக் கதவு அந்தக் காசுதான்னு சொல்லுங்க" என்றேன்.

"வாய மூடுடா. அதச் சொல்லணும்னு என்ன."

"சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன்."

நானே சொன்னேன். எனக்குத் தெரிந்த பத்து இந்தி வார்த்தையில். எங்க வீடு, கதவு, உங்க காசு. கையால் கதவைத் திறந்து மூடிக் காட்டினேன். ஹாமித் என்னையே பார்த்தார். அடுப்பில் ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. பையன்களைத் திட்டினார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக இந்தியில் பேசினார்.

"என் பேர எழுதினதுக்கு நான் மன்னிச்சாச்சு. கலாஸ், முடிஞ்சுபோச்சு. காசுக்கு நான் எப்படி மன்னிக்க? அது என் காசு மட்டுமா?"

"அப்ப யார்கிட்ட கேக்கணும்?"

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்சு ஈராக்கிங்க எல்லாம் ரொட்டிக்கு வருவாங்க. போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளு."

வெளியே வந்ததும் காசிம் காக்கா சொன்னார், "கிண்டலுக்குச் சொல்றார்டா. புரியலையா உனக்கு?"

புரிந்தது. ஆனாலும் பள்ளியில் எழுந்து நின்றபோது இன்னாரிடம்தான் கேட்பேன் என்று நான் சொல்லவில்லை. யார் கேட்டாலும் என் பொறுப்பு என்றுதான் சொன்னேன்.

ராத்திரி பிஸ்கட் அட்டை ஒன்றைக் கிழித்து, மூன்று வரி அரபியைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னேன். காசிம் காக்கா முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். உங்க வாப்பா ஒளிஞ்சு ஒளிஞ்சு என் கடைப் பேரக் காப்பாத்தினார், நீ வந்து ஒரே நாள்ல கெடுக்கப் போற என்றார். காலையில் எழுந்து பார்த்தால் என் சட்டையை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்.

ஜும்ஆ முடிந்து போனபோது ரொட்டிக்கடை வாசலில் பதிமூன்று பேர் வரிசையில் நின்றார்கள். எண்ணிவிட்டேன், பயத்தில் எண்ணத்தான் வந்தது. ஹாமித் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டார். வருவேன் என்று அவர் நினைக்கவில்லை. நான் வரிசைக்கு முன்னால் போய் நின்று ஸலாம் சொன்னேன். அட்டையைப் பார்த்து வாசித்தேன். என் வாப்பா இறந்துவிட்டார். உங்கள் நாட்டின் காசை வாங்கினார், பொய்க் கணக்குக்கு. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

யாருக்கும் புரியவில்லை. நான் பிச்சை கேட்பதாக நினைத்து ஒருவர் பாக்கெட்டில் கை விட்டார். அப்போது ஹாமித் மாவுக் கையோடு வெளியே வந்தார். "இவன் வாப்பா என்னைத் திருடன்னு எழுதிட்டான், தையல் மிஷின் திருடன்" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னார். பக்கத்தில் காசிம் காக்கா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார், இந்தத் தடவை எதையும் விடவில்லை.

சிரித்தார்கள். ஒருவர், "மன்னிப்பு வேணும்னா வரிசையில நில்லு, நான் ரொட்டிக்கே அரை மணி நேரமா நிக்கிறேன்" என்றார். இன்னொருவர், "உங்க வாப்பா தின்னது ஒரு பருக்கை. எங்க மந்திரிங்க பானையோட தின்னானுங்க, அவனுங்க மகன் ஒருத்தனும் இப்படி வரல" என்றார். "ஒரு இந்தியாக்காரன் வந்தாச்சு. மத்த நாட்டுக்காரங்க எத்தனை மணிக்கு வராங்களாம்?" என்று பின்னால் ஒரு குரல். ஒரு தாத்தா என் தோளைத் தட்டி, அல்லாஹ் உங்க வாப்பாவுக்கு ரஹ்மத் செய்யட்டும் என்றார். ஒவ்வொருவராக வந்து ரொட்டியை வாங்கிக்கொண்டு, மன்னித்தோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர் ஏதோ காய்கறி விலை சொல்வது மாதிரி சொன்னார்கள். எனக்கு அதுவும் போதும்.

பதிமூன்றாவது ஆள் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவராம், கோட் பைக்குள் மடித்து இருந்தது. அவர் சிரிக்கவே இல்லை. நேராக என்னைப் பார்த்துப் பேசினார். காசிம் காக்கா தமிழில் சொன்னார்.

"இவங்க தம்பிக்கு அந்தத் தடை காலத்துல மருந்து கிடைக்காம மௌத்தாயிட்டானாம். ஒன்பது வயசாம். நீ நல்ல பையன், ஆனா நான் மன்னிக்க மாட்டேன்ங்கிறாங்க. உங்க வாப்பா ஒருத்தராலதான் போச்சுன்னு சொல்லலையாம். அந்தக் கணக்குல கையெழுத்துப் போட்ட யாரையும் மன்னிக்கிறதில்லைன்னு வச்சிருக்காங்களாம்."

ஹாமித் அவரிடம் ஏதோ சொல்லப் போனார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நான் "ஷுக்ரன்" என்று நன்றி சொன்னேன். அவர் ரொட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு, பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

ஹாமித் என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சின்னக் கண்ணாடித் தம்ளரில் தேநீர் கொடுத்தார். பாதி தம்ளர் சர்க்கரை. சூடான சமூனுக்குள் வெண்ணெயும் கொஞ்சம் தொதலும் வைத்துத் தின்றார். நன்றாக இருக்கிறது என்று எனக்கும் ஒன்று செய்து கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை துபாய் பஸ்ஸில் ஏறினேன். இந்தத் தடவை நேராகப் பின்வரிசைக்கே போனேன். மறுநாள் ஊருக்கு விமானம். பஸ் கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது. உம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஹாமித் மன்னித்ததைச் சொன்னதும் உம்மா அழுதார். வரிசையில் நின்றவர்களைச் சொன்னேன். பன்னிரண்டு பேர் பொருந்திக்கிட்டாங்க உம்மா, ஒருத்தங்க மாட்டேன்னுட்டாங்க என்றேன்.

அழுகை நின்றது. "அவங்க பேரு என்ன?"

"கேக்கல."

"தம்பி பேரு?"

"அதையும் கேக்கல உம்மா. அவங்க முகத்தப் பார்த்து என்னால கேக்க முடியல."

"பொருந்திக்கிட்டவங்க வாப்பாவுக்காக அல்லாஹ்கிட்ட துஆ கேட்டுக்குவாங்க. மாட்டேன்னவங்களுக்காக நாமதான துஆ கேக்கணும். பேரு தெரியாம யாருக்குன்னு கேப்பேன்? ஒன்பது வயசுப் பிள்ளைன்னு சொல்ற."

"மறுபடி போய் நின்னா திட்டுவாங்க உம்மா."

"திட்டட்டும். உன்னையத்தான திட்டுவாங்க. அவங்க மன்னிக்கணும்னு கேக்காத. பேர மட்டும் கேட்டுட்டு வா."

டிரைவர் இன்ஜினைப் போட்டார். இந்த பஸ்ஸிலும் இருந்த ஒரு அரிசி மூட்டையைத் தாண்டி, இரண்டு பேர் காலை மிதித்து முன்னால் வந்தேன். "கியா பாய், இப்பதான ஏறின?" என்றார் டிரைவர். ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்றேன். இறங்கி, அந்தப் பெண் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று ஹாமிதிடம் கேட்கச் சொல்லிக் காசிம் காக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டே டாக்ஸி நிற்கிற பக்கம் நடந்தேன்.